கான்ஜி படிக்கத் தொடங்கியதும் சொற்கள் மறந்துபோவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய மொழியின் ஒலியெழுத்துகளான ஹிராகானா, கத்தகானா இரண்டையும் முடித்து, சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்துகளான கான்ஜிக்குள் காலெடுத்து வைத்தவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே குறையின் பல வடிவங்கள்: படிக்கிறேன், ஆனால் நிற்கவில்லை. நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். எனக்கு உதவியவற்றையும், உதவும் என்று நம்பி நான் நேரத்தைத் தொலைத்தவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். எழுத்துகளின் வடிவத்தைச் சொற்களாலேயே விளக்கியிருப்பதால், பக்கத்தில் ஒரு தாளும் அகராதியும் வைத்துக்கொண்டு வரைந்து பார்த்தபடி படித்தால் நல்லது.

நேற்று இரவு பத்துச் சொற்கள் படித்தேன். இன்று காலையில் மூன்றுகூட வரவில்லை. எனக்கு நினைவாற்றல் குறைவா?

இல்லை. உங்களுக்கு நடந்தது எல்லோருக்கும் நடப்பது. இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். பொருளில்லாத அசைகளை வரிசையாக அடுக்கி, தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தன்னைத்தானே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிகிறது, பிறகு சரிவு மெதுவாகிறது என்பது அவர் கண்டது.

பலரும் இந்தப் பாதியை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். மறு பாதிதான் நமக்கு வேண்டியது. எத்தனை அசை நினைவில் இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. மறந்த வரிசையைத் திரும்பப் படிக்க முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். ஒரு நாள் கழித்துப் படித்தபோது ஏறத்தாழ 34 சதவீத நேரம் மிச்சம். 31 நாள் கழித்துப் படித்தபோதும் ஏறத்தாழ 21 சதவீதம் மிச்சம். பொருளே இல்லாத, எதோடும் ஒட்டாத அசைகளுக்கே இந்த நிலை. அப்படியானால் 'சுத்தமாக மறந்துவிட்டது' என்று நாம் சொல்லும் சொல்லும் முழுதாகப் போய்விடுவதில்லை. வெளியே எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை படிக்கும்போது அது மலிவாகக் கிடைக்கிறது, அதற்கடுத்த முறை இன்னும் மலிவாக.

ஆகவே இன்று காலை வராத அந்தச் சொற்களை நேற்றைய தோல்வியாகப் பார்க்காதீர்கள். அவை இன்றைய வேலை. முதல் படிப்பு முன்பணம் மாதிரி. சொல் உங்களுடையதாவது இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது சந்திப்பில்தான்.

ஹிராகானாவும் கத்தகானாவும் சில வாரங்களில் வந்துவிட்டன. கான்ஜி மட்டும் ஏன் இப்படி?

கானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46தான். எழுத்தைப் பார்த்தால் ஒலி வருகிறது. தமிழ் படித்த நமக்கு அது பழகிய வேலை. கான்ஜியில் ஓர் எழுத்துக்கு வடிவம் ஒன்று, பொருள் ஒன்று, ஒலியோ பல. சீனத்திலிருந்து எழுத்தோடு வந்த ஒலியை ஒன்யோமி என்பார்கள். அதே பொருளுக்கு ஜப்பானியத்தில் முன்பே இருந்த சொல்லின் ஒலி குன்யோமி.

'உயிர், பிறப்பு' என்ற பொருளுள்ள கான்ஜியை எடுத்துக்கொள்வோம். மாணவர் என்பதற்கான 'ககுஸெய்' என்ற சொல்லில் அது 'ஸெய்'. பிறந்தநாள் என்பதற்கான 'தன்ஜோபி'யில் அதுவே 'ஜோ'. வாழ்வது 'இகிரு', பிறப்பது 'உமரெரு', பச்சையாக, சமைக்காமல் என்றால் 'நம'. இத்தனைக்கும் ஐந்தே கோடுகள் கொண்ட ஒரே எழுத்து. ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் 80 கான்ஜிகளில் இதுவும் ஒன்று.

இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் மறக்கத்தான் செய்வார்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒரு குறிப்பேடு முழுக்க எழுத்து, ஒன்யோமி, குன்யோமி என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினேன். அதிலிருந்து இன்று என்னோடு இருப்பது மிகக் குறைவு.

அப்படியானால் கான்ஜியைத் தனி எழுத்தாகப் படிக்க வேண்டாமா?

சொல்லாகப் படியுங்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

எழுத்தின் பொருளையும், அது எந்தெந்த உறுப்புகளால் ஆனது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒலியைச் சொல்லோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். 'ககுஸெய்' தெரிந்தால் 'ஸெய்' தானாக வரும். ஆசிரியரைக் குறிக்கும் 'சென்ஸெய்' என்ற சொல்லை எழுத்தில் பார்க்கும்போது அதே எழுத்து அங்கேயும் உட்கார்ந்திருக்கும். 'அட, இவரா!' என்று ஒரு வினாடி தோன்றுமே, அந்த வினாடியில் பதிவது பட்டியலில் பதியாது.

சொல்லாகப் படிக்க இன்னொரு காரணமும் உண்டு. சில சொற்களின் ஒலியை எழுத்து வாரியாகப் பிரிக்கவே முடியாது. இன்று என்பதை 'இப்போது' என்ற கான்ஜியும் 'நாள்' என்ற கான்ஜியும் சேர்த்து எழுதுகிறார்கள், படிப்பது 'க்யோ' என்று. இதில் எந்தப் பாதி எந்த எழுத்தின் ஒலி என்று தேடினால் விடை கிடையாது. பெரியவர், வளர்ந்தவர் என்ற 'ஒதொன'வும் இப்படித்தான்: 'பெரிய', 'மனிதர்' என்று இரண்டு எழுத்து, ஆனால் ஒலி முழுச் சொல்லுக்கும் பொதுவானது.

கான்ஜி தொடங்கிய பிறகு, முன்பே நன்றாகத் தெரிந்த சொற்கள்கூட மறக்கின்றன. இது எப்படி?

நல்ல கேள்வி. இதை அனுபவித்துப் பயந்துபோனவர்கள் பலர்.

தண்ணீருக்கு 'மிஸு' என்று ஹிராகானாவில் படித்திருப்பீர்கள். பார்த்ததும் ஒலி, ஒலியிலிருந்து பொருள் என்று ஒரு வழி பழகியிருக்கும். கான்ஜி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எழுத்தைப் பார்த்ததும் 'தண்ணீர்' என்று தமிழில் பொருள் வந்துவிடுகிறது. பொருள் கிடைத்த நிறைவில் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது, 'மிஸு'வைத் தேடிப் போவதில்லை. இப்படியே இரண்டு மாதம் போனால் கான்ஜியைப் பார்த்துத் தமிழில் பொருள் சொல்லத் தெரியும், ஜப்பானியச் சொல் மட்டும் வாயில் வராது.

இதற்கு மருந்து எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். கான்ஜியைப் பார்த்ததும் முதலில் வாய்விட்டு ஒலியைச் சொல்லுங்கள். பொருள் பிறகு. முணுமுணுப்பாக இருந்தாலும் போதும். ஒரு பக்கம் கான்ஜி, மறுபக்கம் விடை என்று எழுதிய அட்டைகளை வைத்துப் பழகும்போது, ஒலி வராமல் பொருள் மட்டும் வந்தால், அந்த அட்டையைத் தெரிந்த கணக்கில் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், பத்து அட்டை முடிக்கும் நேரத்தில் ஆறுதான் முடியும். பரவாயில்லை.

ஒரேமாதிரி இருக்கும் எழுத்துகளை மாற்றி மாற்றிச் சொல்கிறேன். என்ன செய்வது?

என்னை மிகவும் அலைக்கழித்த ஜோடியைச் சொல்கிறேன். காத்திருப்பது 'மத்ஸு'. கையில் வைத்திருப்பது 'மொத்ஸு'. ஒலியில் ஓர் உயிர்தான் வேறுபாடு. எழுத்தோ இன்னும் மோசம்: இரண்டிலும் வலப்பக்கம் ஒரே உறுப்பு, கோயில் என்ற பொருளுள்ள எழுத்து. இடப்பக்கத்து மூன்று கோடுகள்தான் வேறு. வாரக்கணக்கில் அட்டையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தவறான ஒன்றையே சொன்னேன். 'இன்னும் கவனமாகப் பார்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாதபோது கவனம் எதற்கு உதவும்?

ஒரு நாள் இரண்டையும் ஒரே தாளில் அருகருகே, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக எழுதினேன். கோயிலை விரலால் மறைத்தேன். மிஞ்சியது இடப்பக்கம். ஒன்றில் குறுக்கே ஒரு கோடு, அதை வெட்டி இறங்கிக் கீழே கொக்கிபோல் வளையும் ஒரு கோடு, இடமிருந்து மேலேறும் ஒரு சிறு கோடு. அது 'கை' என்ற உறுப்பு. எறிவது, அடிப்பது, தள்ளுவது என்று கையால் செய்யும் வேலைகளுக்கான எழுத்துகளில் இது நிற்கும். மற்றொன்றில் இடப்புறமாகச் சாயும் இரண்டு கோடுகள், அவற்றின் கீழே நேராக இறங்கும் ஒரு கோடு. அது 'போவது' என்ற கான்ஜியின் இடப்பாதி. அந்தக் கான்ஜி நாற்சந்தியின் படத்திலிருந்து வந்தது, ஆகவே இது வழியைக் குறிக்கும் உறுப்பு. கை இருந்தால் பிடித்திருக்கிறேன், வழி இருந்தால் வழியில் நின்று காத்திருக்கிறேன். கோயிலைப் பார்ப்பதை அன்றோடு விட்டேன். அதன் பிறகு அந்த இரண்டில் தவறவில்லை.

குழம்பிய ஜோடி எதுவானாலும் இப்படியே செய்யுங்கள். பொதுவான பகுதியை மறையுங்கள், வேறுபடும் பகுதிக்குப் பெயர் சூட்டுங்கள். மேற்கோடு நீளமாகவும் கீழ்க்கோடு குட்டையாகவும் இருந்தால் 'முடிவு', வார இறுதியான 'ஷூமத்ஸு'வில் வருவது. மேற்கோடு குட்டையாக இருந்தால் 'இன்னும் இல்லை', எதிர்காலமான 'மிரய்'யில் வருவது. வேறுபாட்டுக்குப் பெயர் வைக்காதவரை கண் அதைப் பார்க்காது.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு பாடம்: குழம்பக்கூடியவற்றை முதன்முறை ஒரே நாளில் கற்காதீர்கள். இடம் 'ஹிதரி', வலம் 'மிகி'. பாடநூல்கள் இரண்டையும் ஜோடியாகத்தான் தருகின்றன. எழுத்துகளின் மேற்பகுதியும் ஒன்றே. இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒன்று மற்றொன்றை அழிக்கும். இடத்தை இன்று கற்று அது உறுதியான பிறகு, ஒரு வாரம் கழித்து வலத்துக்கு வாருங்கள். தொடக்கத்தில் பிரித்து வையுங்கள், சிக்கிக்கொண்டால் மட்டும் அருகருகே வையுங்கள். இரண்டும் முரண் போலத் தோன்றும், ஆனால் வேறு வேறு கட்டத்துக்கான மருந்து.

உறுப்புகள் ஒலியையும் காட்டுமா?

பல நேரங்களில் காட்டும், தொடங்குகிறவர்களுக்கு யாரும் இதைச் சீக்கிரம் சொல்வதில்லை. கான்ஜிகளில் பெரும்பான்மை, பொருளுக்கு ஓர் உறுப்பும் ஒலிக்கு ஓர் உறுப்புமாகச் சேர்ந்தவை. 'நீலம்' என்ற எழுத்தின் ஒன்யோமி 'ஸெய்'. அதோடு நீர் சேர்ந்தால் தெளிவு, கதிரவன் சேர்ந்தால் வெளுத்த வானம், பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள், அரிசி சேர்ந்தால் நுண்மை. நான்குக்கும் ஒன்யோமி 'ஸெய்'தான். இப்படி ஒரு குடும்பம் பிடிபட்டால் நான்கு எழுத்துகளுக்கு ஒரே ஒலி போதும்.

எல்லாக் குடும்பமும் இவ்வளவு ஒற்றுமையாக இருக்காது. மேலே பார்த்த கோயிலின் ஒலி 'ஜி'. நேரம் என்பதிலும், வைத்திருப்பது என்பதிலும் 'ஜி' வருகிறது. கவிதையில் 'ஷி' ஆகிறது. காத்திருப்பதிலோ 'தய்'. ஆகவே ஒலியுறுப்பை ஊகத்துக்கு வைத்துக்கொண்டு, அகராதியில் உறுதிசெய்யுங்கள்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் அப்படி எழுதுவது விளக்கத்துக்காக மட்டும். உங்கள் அட்டைகளில் ஹிராகானா இருக்கட்டும்.

காரணம் நம் எழுத்தின் இயல்பு. வல்லின எழுத்து ஒன்றே இடத்துக்குத் தகுந்தபடி அதிர்ந்தும் அதிராமலும் ஒலிக்கிறது. சொல்லின் இடம் பார்த்து நாம் சரியாகப் படித்துவிடுகிறோம். ஜப்பானியத்தில் அந்த இரண்டும் வேறு வேறு ஒலிகள், பொருளையே மாற்றுபவை. தங்கமும் வெள்ளியும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கின்'. உண்மையில் தங்கத்தில் க அதிராது, வெள்ளியில் 'கங்கை' என்று நாம் சொல்லும்போது முதலில் வருவதுபோல அதிரும். எழுத்திலும் வெள்ளியின் இடப்பாதி தங்கத்தின் எழுத்தேதான். தமிழில் குறித்துவைத்தவர் இரண்டையும் என்றைக்கும் குழப்புவார், அதை மறதி என்று நினைத்துக்கொள்வார். அவர் மறக்கவில்லை, முதலிலேயே ஒன்றாகப் பதிந்துவிட்டார்.

ஆனால் தமிழ்க் காது நமக்குப் பெரிய சொத்து. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது நமக்கு இயல்பு. அத்தை, சித்தி வயதில் இருப்பவர் 'ஒபஸன்', பாட்டி 'ஒபாஸன்'. இந்த வேறுபாட்டைக் கேட்க மற்ற மொழிக்காரர்கள் பலர் திணறுகிறார்கள், நாம் திணறுவதில்லை. ஒற்று இரட்டிப்பதும் அப்படியே.

நினைவுக்குக் கதை கட்டலாம் என்கிறார்கள். அது உதவுமா?

உதவும், ஊன்றுகோலாக. தமிழ் தெரிந்தவர்களுக்குச் சில சொற்கள் கையில் வந்து விழுகின்றன. பள்ளத்தாக்கு 'தனி'. பள்ளத்தாக்கில் தனியாக நிற்கிறேன் என்று நினைத்த மறுகணம் அது மனத்தில் ஏறிவிட்டது. நாடு 'குனி'. நாட்டின் எல்லையில் குனிந்து வணங்குகிறேன். மாடு 'உஷி'. மாட்டுக்கு ஊசி போடும் மருத்துவரைக் கற்பனை செய்யுங்கள், ஆனால் நம் ஊசியில் நெடில், அவர்கள் சொல்லில் குறில் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். மலை 'யம'. உச்சியில் யமன்.

எழுத்து வடிவத்துக்கும் கதை கட்டலாம். மனிதன் மரத்தில் சாய்ந்தால் ஓய்வு. ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் வெளிச்சம். ஆனால் எல்லா எழுத்துக்கும் நீளமான கதை எழுதாதீர்கள். கதையை நினைவில் வைக்கவே தனி உழைப்பு தேவைப்பட்டால் அந்தக் கதை சுமை. மேலும், அடுத்தவர் கட்டிய கதையைவிட நீங்கள் அரை நிமிடத்தில் கட்டிய அபத்தமான கதை நன்றாக ஒட்டும். சொல் பழகியதும் கதை தானாக உதிரும், உதிரட்டும்.

இடையில் ஒரு செய்தி. ஜப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மேலே உள்ள ஒலி ஒற்றுமைகளை உறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தற்செயலைப் பயன்படுத்திக்கொள்கிறோம், அவ்வளவே. அப்படித் தற்செயலாகவே இருந்தாலும் 'மத்தெ இரு' என்றால் 'காத்திரு'க்கும் நிலை, 'மொத்தெ இரு' என்றால் 'வைத்திரு'க்கும் நிலை என்று முதன்முறை கண்டபோது எனக்குச் சிலிர்த்தது. வினையெச்சத்தோடு 'இரு' சேர்வது நம் இலக்கணம் போலவே இருப்பதால், இந்த வாக்கிய அமைப்பை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள்.

அன்கி செயலியில் நூற்றுக்கணக்கான அட்டைகள் தேங்கிவிட்டன. திறக்கவே பயமாக இருக்கிறது.

அன்கி என்பதற்கு ஜப்பானியத்தில் மனப்பாடம் என்றே பொருள். 2006 முதல் கிடைக்கும் செயலி, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் கட்டணம். ஓர் அட்டை உங்களுக்கு மறக்கப்போகும் தறுவாயில் அதைக் காட்டுவது அதன் வேலை. நல்ல கருவிதான், ஆனால் தொடங்குகிறவர்களை அது மூழ்கடிக்கிறது. நீங்கள் மாற்றாவிட்டால் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் தரும். இன்று சேர்க்கும் ஒவ்வோர் அட்டையும் நாளையும், சில நாளிலும், சில வாரத்திலும் திரும்பி வரும் கடன். மூன்றாவது வாரத்தில் அந்தக் கடன்கள் எல்லாம் ஒரே நாளில் வாசலில் நிற்கும்.

தேங்கிவிட்டது என்றால் முதல் வேலை, புதிய அட்டைகளைப் பூஜ்யமாக்குவது. இரண்டாவது, ஒரு நாளைக்குத் திரும்பப் பார்க்கும் அட்டைகளுக்கு நாற்பது, ஐம்பது என்று வரம்பு வைப்பது. மீதி காத்திருக்கட்டும். தாமதமாக வரும் அட்டையில் சிலவற்றை மறந்திருப்பீர்கள். முதல் கேள்வியில் சொன்னதுபோல அவை மலிவாகத் திரும்பும். தேக்கம் கரைந்த பிறகு நாளுக்கு ஐந்து புதிய அட்டைகளோடு தொடங்குங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்ற ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: ஓர் அட்டையில் எட்டு முறை தவறினால் அன்கி அதை அட்டை என்றே, அதாவது இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி என்ற பொருளில், முத்திரை குத்தும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். பொருத்தமான பெயர். பத்துச் சொற்களுக்கான நேரத்தை அந்த ஒன்று குடிக்கும். அதை அப்படியே திரும்ப உள்ளே விடாமல் மாற்றி எழுதுங்கள்: ஒரு குட்டி வாக்கியம் சேருங்கள், அல்லது எதோடு குழம்புகிறது என்று குறித்துவையுங்கள். 'காத்திரு'வுக்கு நான் சேர்த்தது 'ச்சொத்தொ மத்தெ', கொஞ்சம் பொறு.

செயலி பிடிக்காதவர்களுக்கு 1970களில் ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறை இருக்கிறது. ஐந்து பெட்டிகள், தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்கு, தவறியது முதல் பெட்டிக்கு. முதல் பெட்டியைத் தினமும் பாருங்கள், பின்னால் உள்ளவற்றை இடைவெளி விட்டு. தாளில் செய்தாலும் பலன் உண்டு.

பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது. மூடினால் ஒன்றும் வருவதில்லை.

பார்ப்பது படிப்பாகாது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப்பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப்பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். அந்த ஐந்து நிமிட முன்னிலைதான் நம்மை ஏமாற்றுகிறது.

வலப்பக்கத்தை மூடிவிட்டு விடையைத் தேடுங்கள். ஐந்து வினாடி முழுதாகத் திணறுங்கள். அந்தத் திணறல்தான் படிப்பு.

கையால் எழுதிப் பழக வேண்டுமா?

படிக்கத் தெரிந்தால் போதும் என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யிலும் கையால் எழுதச் சொல்லும் பகுதி கிடையாது. பார்த்து அடையாளம் காண்பதும் பார்க்காமல் வரைவதும் வேறு வேறு திறமைகள். தினமும் கையில் புழங்கும் நாணயத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று அமெரிக்கர்களை வரையச் சொன்ன ஆய்வு ஒன்று 1979இல் வந்தது. பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை. ஆனால் அந்த நாணயத்தைக் கண்டால் யாருக்குத்தான் தெரியாது? ஜப்பானியர்களிடமும் 'வாபுரோ பக' என்று ஒரு வழக்குச் சொல் உண்டு. தட்டச்சுக் கருவியை நம்பிக் கையால் கான்ஜி எழுத மறந்தவர் என்று பொருள். அவர்களுக்கே நடக்கிறது என்றால் நமக்கு வெட்கம் எதற்கு?

இருந்தாலும் முதல் நூறு எழுத்துகளையாவது எழுதிப் பழகச் சொல்வேன். கோட்டு வரிசை கைக்கு வந்தால், புதிய எழுத்தைக் கண் கோடுகளின் குவியலாகப் பார்ப்பதை நிறுத்தி உறுப்புகளாகப் பார்க்கத் தொடங்கும். அதன்பிறகு குழம்புகிற எழுத்துகளை மட்டும் எழுதினால் போதும். ஒன்றையே ஒரு பக்கம் முழுக்க இருபது முறை எழுதுவது வீண். ஐந்தாவது முறைக்குமேல் கை மட்டும் எழுதுகிறது. பார்த்து ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை எழுதுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கான்ஜி? ஜப்பானியக் குழந்தைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்துள்ள ஜோயோ பட்டியலில் 2010 திருத்தத்துக்குப் பிறகு 2,136 கான்ஜிகள். அவற்றில் 1,026ஐ ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்பிக்கிறார்கள். முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200. முதல் ஆண்டு முழுவதற்கும் எண்பதுதான் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குழந்தைக்கோ 'மிஸு' என்ற சொல் பேசத் தொடங்கிய நாள் முதல் தெரியும். தெரிந்த சொல்லுக்குச் சட்டை மாட்டுவது மட்டுமே அதன் வேலை. நாம் சொல்லையும் சட்டையையும் ஒன்றாகக் கற்கிறோம்.

மூன்று மாதத்தில் ஆயிரம் என்று கேள்விப்பட்டு உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு சொற்கள் என்பதே வேலைக்கோ படிப்புக்கோ போகிறவருக்குத் தாங்கும் அளவு என்பது என் கருத்து. இரவில் படித்து, தூங்கி எழுந்ததும் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். தூக்கம் நினைவை உறுதிப்படுத்துகிறது, அந்த உதவியை ஏன் விட வேண்டும்?

வாசிக்கும்போது தெரிகிற சொல் பேசும்போது வருவதில்லை.

வராது. தமிழிலும் நாம் படித்துப் புரிந்துகொள்ளும் சொற்கள் பேசும் சொற்களைவிடப் பல மடங்கு. பேச்சில் வேண்டிய சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து, தமிழ்ப் பொருளைப் பார்த்து ஜப்பானியத்தில் சொல்லும்படி அட்டையைத் திருப்பி வையுங்கள். மற்றவை வாசிப்பில் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு மாதம் முழுதாக விட்டுவிட்டேன். முதல் பாடத்திலிருந்து தொடங்கவா?

வேண்டாம். எபிங்ஹவுஸின் கணக்கை இன்னொரு முறை பாருங்கள்: பெரிய சரிவு முதல் நாளிலேயே முடிந்துவிட்டது, அடுத்த முப்பது நாளில் போனது அதைவிட மிகக் குறைவு. விட்ட இடத்திலிருந்து மூன்று நான்கு பாடம் பின்னால் போங்கள். முதல் நாளில் புதிதாக எதையும் தொடாமல், கான்ஜியின் மேல் ஒலியைச் சிறு கானாவில் அச்சிட்டிருக்கும் எளிய பத்தி ஒன்றை வாசியுங்கள். ஃபுரிகானா என்று அந்தச் சிறு எழுத்துக்குப் பெயர். ஒரு காகிதத் துண்டால் அதை மறைத்துக்கொண்டு, முட்டும் இடத்தில் மட்டும் விலக்கிப் பாருங்கள். எந்தெந்த எழுத்தில் துண்டை விலக்கினீர்களோ, அவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் படிக்க வேண்டிய பட்டியல் அதுதான்.